பிடுங்கிய லைசென்ஸ் எங்கே போகிறது?

போலீஸ் சோதனையில் லைசென்ஸைப் பறிகொடுத்தவர்கள் முதலில் செய்கிற காரியம், தெரிந்த ஏட்டையாவுக்கு ஒரு போன் போடுவது. அடுத்தது, ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருக்கும் புரோக்கரிடம் விலை கேட்பது. இந்த இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கையில் கொடுத்த ரசீதைப் படிக்க வேண்டும். லைசென்ஸ் எந்த ஆபீஸின் அலமாரிக்குப் போகிறது, நாளைக் காலையில் நீங்கள் வண்டியை எடுக்கலாமா கூடாதா என்ற இரண்டு கேள்விக்கும் பதில் அந்தத் துண்டுச் சீட்டில் இருக்கும் பிரிவு எண்தான்.

லைசென்ஸை எடுத்துக்கொள்ளும் அதிகாரத்தைப் போலீஸாருக்குத் தருவது மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 206-ஆம் பிரிவு. அதற்குள் இரண்டு தனித்தனிப் பாதைகள் இருக்கின்றன. பெரும்பாலோர் அலைவதற்குக் காரணம், தங்கள் லைசென்ஸ் ஒரு பாதையில் போயிருக்க, இவர்கள் மற்றொன்றில் தேடிக்கொண்டிருப்பதுதான்.

முதல் பாதை கோர்ட்டுக்குப் போவது. வழக்குப் போட்ட ஓட்டுநர் சம்மனுக்கு வராமல் தப்பிவிடுவார் என்று போலீஸ் அதிகாரி கருதினால், 206(2)-இன்படி லைசென்ஸை எடுத்து, வழக்கை விசாரிக்கும் கோர்ட்டுக்கு அனுப்பலாம். இதற்குத் தரும் தற்காலிக ஒப்புகைச் சீட்டு மதிப்புள்ளது. லைசென்ஸ் திரும்பி வரும்வரை, அல்லது சீட்டில் குறித்த தேதிவரை, எது முன்னால் வருகிறதோ அதுவரை அதை வைத்துக்கொண்டே வண்டி ஓட்டலாம். முதல் தடவை கோர்ட்டில் ஆஜரானதும், சீட்டை வாங்கிக்கொண்டு லைசென்ஸைக் கொடுத்துவிட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. உங்கள் தவறு இல்லாமல் லைசென்ஸ் வருவது தாமதமானால், சீட்டின் தேதியை நீட்டித்துத் தரும்படி கேட்கலாம். நடுவரும் நீட்டிக்கலாம், போலீஸ் அதிகாரியும் நீட்டிக்கலாம். தேதி முடிந்த பிறகு போய் நிற்காமல், முடிவதற்கு முன்பே கேளுங்கள்.

இரண்டாவது பாதை 2019 திருத்தத்தில் வந்த 206(4). இப்போது சாலையில் லைசென்ஸ் பறிபோவது அதிகமும் இதில்தான். அதிவேகம் (183), சிக்னல் தாண்டுவது, செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவது, எதிர்த்திசையில் வருவது போன்ற ஆபத்தான ஓட்டம் (184), குடிபோதை (185), ரேஸ் (189), பழுதான வண்டி (190), டூவீலரில் மூன்று பேர் (194சி), ஹெல்மெட் இல்லாமை (194டி), ஆம்புலன்ஸுக்கு வழிவிடாமை (194இ) ஆகியவை இதில் அடக்கம். இந்தக் குற்றங்களில் ஒன்று நடந்ததாக நம்பினால், போலீஸார் லைசென்ஸை எடுத்து உரிமம் வழங்கும் அதிகாரிக்கு, அதாவது நம் ஊர் வழக்கில் ஆர்.டி.ஓ.வுக்கு, அனுப்ப வேண்டும். இதற்கும் ஒப்புகைச் சீட்டு தரவேண்டும். ஆனால் இந்தச் சீட்டைக் காட்டி வண்டி ஓட்ட முடியாது. லைசென்ஸ் திரும்பி வரும்வரை ஓட்ட இது அனுமதி ஆகாது என்று அந்த உட்பிரிவிலேயே எழுதியிருக்கிறது. இரண்டு சீட்டும் ஒரே மாதிரித் தெரிவதால் ஏமாந்துபோகிறவர்கள் ஏராளம். "ரசீது இருக்கிறது சார்" என்று அடுத்த சோதனையில் தைரியமாக நீட்டி, புதிதாக ஒரு வழக்கை வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.

ரசீதில் பார்க்க வேண்டியவை

உங்கள் பெயர், லைசென்ஸ் எண், தேதி, நேரம், இடம் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். எந்தக் குற்றப் பிரிவு, 206-இல் எந்த உட்பிரிவு, எடுத்த அதிகாரியின் பெயர், பதவி, காவல் நிலையம், லைசென்ஸ் கோர்ட்டுக்குப் போகிறதா ஆர்.டி.ஓ.வுக்குப் போகிறதா என்பதும் இருக்க வேண்டும். விடுபட்டதை அங்கேயே மரியாதையாகக் கேளுங்கள். "சார், எந்த ஆபீஸுக்கு அனுப்புவீங்கன்னு எழுதிக் கொடுத்துடுங்க, நான் அங்கேயே வந்து பாத்துக்கிறேன்" என்றால் பெரும்பாலும் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். வாக்குவாதம் செய்தால் சீட்டும் கிடைக்காது, வழக்கில் இன்னொரு பிரிவும் சேரும். ரசீதே தராமல் லைசென்ஸை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வது முறையல்ல. அப்படி நடந்தால் இடம், நேரம், சட்டையில் இருந்த பெயர்ப்பட்டை, ரோந்து வண்டியின் எண் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, அன்றே அந்த நிலைய ஆய்வாளருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள்.

கைக்கருவியில் அச்சாகி வருகிற சலான் வழுவழுப்பான வெப்பத்தாளில் இருக்கும். சட்டைப் பையில் வியர்வையும் வெயிலும் பட்டு சில வாரங்களில் எழுத்து மங்கி, மாதக்கணக்கில் வைத்திருந்தால் வெற்றுத்தாளாகிவிடும். நோட்டீஸ் வருவதற்குள் சீட்டு வெளுத்துப்போனால், எந்தப் பிரிவில் எடுத்தார்கள் என்று காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது. வீட்டுக்குப் போவதற்கு முன்பே செல்போனில் படம் எடுத்து, பக்கத்துக் கடையில் இரண்டு ஜெராக்ஸ் போட்டுவிடுங்கள். சலான் எண்ணை வைத்துப் பரிவாகன் இணையதளத்தின் இ-சலான் பக்கத்திலும் விவரத்தைப் பார்க்கலாம். அதையும் அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள்.

டிஜிலாக்கர் அல்லது எம்-பரிவாகனில் மட்டும் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள், 'அட்டையே கொடுக்கவில்லையே, எதைப் பறிப்பார்கள்' என்று நினைக்க வேண்டாம். 2020 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, ஆவணத்தை மின்னணு முறையில் சரிபார்த்துவிட்டால், பறிமுதல் செய்ய வேண்டிய குற்றமானாலும் காகித ஆவணத்தைக் கேட்க வேண்டியதில்லை. இணையப் பதிவில் குறித்தாலே போதும். அட்டை உங்கள் பர்ஸிலேயே இருக்கும், பதிவேட்டில் மட்டும் லைசென்ஸ் முடங்கியிருக்கும்.

ஃபைன் கட்டியாச்சே!

காவல் நிலையங்களில் அதிகம் கேட்கிற வாக்கியம் இது. ஆயிரமோ ஐயாயிரமோ கட்டிவிட்டால் கணக்குத் தீர்ந்தது, லைசென்ஸைக் கொடுத்துவிட வேண்டியதுதானே என்பது நியாயமான எதிர்பார்ப்பாகத்தான் தோன்றும். சட்டம் அப்படி இல்லை. அபராதம் கட்டி முடித்துக்கொள்ளும் முறையைச் சொல்லும் 200-ஆம் பிரிவிலேயே, அப்படிக் கட்டியது 206(4)-இன் கீழான நடவடிக்கையிலிருந்து விடுவிக்காது என்று சேர்த்திருக்கிறார்கள். ஃபைன் ஒரு வழக்கு, லைசென்ஸ் வேறொரு வழக்கு. முதலாவதைக் கட்டித் தீர்த்த ரசீது இரண்டாவதில் உங்களுக்கு ஒரு நல்ல ஆவணம், அவ்வளவுதான்.

எல்லாக் குற்றத்தையும் ஃபைன் கட்டி முடிக்கவும் முடியாது. குடிபோதை வழக்கு கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். 184-இல் செல்போன் பிடித்துக்கொண்டு ஓட்டியதை மட்டும்தான் வெளியே முடிக்கலாம். கோர்ட்டுக்குப் போகும் வழக்குகளில் நடுவரும் தனியாக லைசென்ஸைத் தகுதியிழக்கச் செய்ய முடியும் என்பதால், ஆர்.டி.ஓ. ஆபீஸை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால் பாதி வேலைதான் நடக்கும்.

நிலையத்தில் கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி

206(4)-இல் எடுத்த லைசென்ஸை இத்தனை நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்று அந்த உட்பிரிவில் காலக்கெடு எதுவும் இல்லை. அதனால் அது நிலையத்து இழுப்பறையிலேயே சில காலம் கிடக்கலாம். ஒரு வாரம் கழித்து, கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து நிலையத்துக்குப் போய் ரைட்டரைப் பாருங்கள். "லைசென்ஸ் எப்போ கிடைக்கும்?" என்று கேட்காதீர்கள். அதற்கு அவரிடம் பதில் இல்லை. "எந்த ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு, எந்தத் தேதியில், எந்த எண்ணில் அனுப்பியிருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அனுப்பிய எண்ணும் தேதியும் கிடைத்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அதை வைத்து ஆர்.டி.ஓ. ஆபீஸின் தபால் பிரிவில் கோப்பு வந்ததா என்று பார்த்துவிடலாம். இன்னும் அனுப்பவில்லை என்றால் உடனே அனுப்பும்படி ஆய்வாளருக்கு மனுக் கொடுங்கள். ஓட்டுநர் வேலை பார்ப்பவர் என்றால், பிழைப்பு நின்றுபோயிருப்பதை அந்த மனுவில் தெளிவாக எழுதுங்கள்.

திருநெல்வேலியில் எடுத்த லைசென்ஸை வைத்துக்கொண்டு சென்னையில் மாட்டியவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். டி.என். 72 என்று தொடங்கும் லைசென்ஸ் அம்பத்தூரில் பிடிபட்டால், கோப்பு எந்த ஊரில் இருக்கிறது என்பதை ஊகிக்கவே கூடாது. பஸ் ஏறுவதற்கு முன் போலீஸாரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நோட்டீஸும் பதிலும்

இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும். போலீஸார் லைசென்ஸை எடுக்கலாம், அனுப்பலாம். முடக்கவோ ரத்து செய்யவோ அவர்களுக்கு அதிகாரம் இல்லை. அது உரிமம் வழங்கும் அதிகாரியின் வேலை. அதிவேக வழக்கு ஒன்றில் போலீஸ் உதவி ஆணையரே லைசென்ஸை முடக்கியபோது, அது செல்லாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2022-இல் தீர்ப்புச் சொன்னது. ஆர்.டி.ஓ.வும் நேராக ஆணை போட்டுவிட முடியாது. 19-ஆம் பிரிவின்படி உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். கேட்ட பிறகு அவர் உங்களை விடுவிக்கலாம். அல்லது காரணத்தை விரிவாக எழுதி, முதல் தடவை என்றால் மூன்று மாதம் தகுதியிழக்கச் செய்யலாம். இரண்டாம் தடவை என்றால் லைசென்ஸையே ரத்து செய்யலாம். விடுவிக்கலாம் என்ற முதல் சாத்தியத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆபீஸில் யாரும் நினைவூட்டவும் மாட்டார்கள்.

விளக்கம் கேட்கும் நோட்டீஸ் லைசென்ஸில் இருக்கும் முகவரிக்கு வரும். பத்து வருஷத்துக்கு முன் குடியிருந்த வாடகை வீட்டு முகவரி அதில் இருந்தால் நோட்டீஸ் அங்கேதான் போகும். பதில் வரவில்லை என்று எழுதிவிட்டு ஆணையைப் போட்டுவிடுவார்கள். ஆகவே லைசென்ஸ் பறிபோன வாரத்திலேயே, இப்போதைய முகவரியையும் செல்போன் எண்ணையும் குறிப்பிட்டு ஆர்.டி.ஓ.வுக்கு ஒரு கடிதம் கொடுத்து ஒப்புதல் முத்திரை வாங்கிவிடுங்கள்.

பதில் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். இப்படி எழுதலாம்:

"பொருள்: ஓட்டுநர் உரிமம் எண் … – தங்கள் அறிவிப்புக்கு விளக்கம் அளித்தல் – தொடர்பாக. பார்வை: தங்கள் அறிவிப்பு எண் …, நாள் …

ஐயா, பார்வையில் கண்ட அறிவிப்பு … அன்று கிடைக்கப்பெற்றேன். … அன்று … சாலையில் 194டி பிரிவின் கீழ் என் மீது வழக்குப் பதிவாகி, உரிமம் எடுத்துக்கொள்ளப்பட்டது. அபராதத்தை … அன்று செலுத்திவிட்டேன், ரசீது இணைத்துள்ளேன். … ஆண்டு முதல் உரிமம் வைத்திருக்கிறேன். இதற்கு முன் என் மீது இத்தகைய வழக்கு எதுவும் இல்லை. ஓட்டுநர் தொழிலே என் குடும்பத்தின் ஒரே வருமானம், பணிச் சான்று இணைத்துள்ளேன். இவற்றைக் கருத்தில்கொண்டு நடவடிக்கையிலிருந்து விடுவிக்க வேண்டுகிறேன். தகுதியிழப்பு விதிப்பதாக இருந்தால், உரிமம் எடுக்கப்பட்ட … தேதியிலிருந்தே காலத்தைக் கணக்கிட வேண்டுகிறேன். நேரில் விளக்கம் அளிக்கவும் வாய்ப்புத் தர வேண்டுகிறேன்."

கடைசி இரண்டு வேண்டுகோளும் இல்லாமல் கடிதம் கொடுக்காதீர்கள். லைசென்ஸ் நிலையத்தில் தூங்கிய நாட்களெல்லாம் நீங்கள் ஓட்டாமல் இருந்த நாட்கள்தானே. அதைக் கணக்கில் சேர்க்கும்படி கேட்பதில் தவறில்லை, கேட்காமல் யாரும் சேர்க்கப்போவதும் இல்லை. "முன் வழக்கு எதுவும் இல்லை" என்ற வரியை மட்டும் உண்மையாக இருந்தால்தான் எழுத வேண்டும். முன்பு கட்டிய ஃபைனும் சட்டத்தின் கண்ணில் ஒரு குற்றமாகவே எண்ணப்படும், இ-சலான் பதிவில் அது அவர்கள் கணினியிலேயே தெரியும்.

வழக்கையே மறுப்பதாக இருந்தால் தொனி வேறு. ஹெல்மெட் போட்டிருந்தேன், வண்டி என் பெயரில் இருந்தாலும் ஓட்டியது நான் இல்லை, சலானில் உள்ள எண் என் வண்டியுடையது அல்ல என்பவர்கள் ஃபைனைக் கட்டிவிடக் கூடாது. கட்டினால் ஒப்புக்கொண்டதாகிவிடும். வழக்கைக் கோர்ட்டில் நடத்துகிறேன் என்று சொல்லி, கேமரா பதிவோ அருகில் இருந்த கடையின் சிசிடிவியோ கிடைக்குமா என்று முதல் நாளிலேயே தேடுங்கள். பல கடைகளில் பழைய பதிவு சில நாட்களில் தானாக அழிந்துவிடும்.

நேரில் அழைத்தால் அசல் ரசீதுகளோடு போங்கள். சட்டம் பேசுவதைவிட சுருக்கமாகப் பேசுவது நல்லது. ஆணை வந்ததும் அது உங்கள் கைக்குக் கிடைத்த தேதியை உறையின் மேலேயே எழுதிவையுங்கள். அதிலிருந்து 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். யாரிடம் செய்வது என்பதை ஆணையில் பாருங்கள், இல்லையென்றால் அந்த ஆபீஸிலேயே எழுத்தில் கேளுங்கள். காரணமே எழுதாமல் அச்சடித்த படிவத்தில் தேதியை மட்டும் நிரப்பிய ஆணைகள் மேல்முறையீட்டில் பலவீனமானவை. முதல் தடவை மூன்று மாதம் என்றால் பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள், மேல்முறையீடு முடிவதற்குள் மூன்று மாதம் ஓடிவிடும் என்பதால் அதுவும் ஒரு கணக்குத்தான். ரத்து ஆணை என்றால் கட்டாயம் போங்கள்.

விபத்தில் எடுத்த லைசென்ஸ்

ஆள் இறந்த அல்லது படுகாயம் அடைந்த விபத்துகளில் லைசென்ஸ் வழக்கின் ஆவணமாகக் கோர்ட்டுக்குப் போயிருக்கலாம். அப்போது, வக்கீல்கள் ரிட்டர்ன் ஆஃப் பிராப்பர்ட்டி என்று சொல்லும் மனுவை, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497 அல்லது 503-ஆம் பிரிவின் கீழ் அந்த நடுவர் கோர்ட்டில் போட வேண்டும். இதற்கு வக்கீல் வைத்துக்கொள்வதே நல்லது. இதோடு ஆர்.டி.ஓ.விடமிருந்தும் நோட்டீஸ் வரும். வழக்கு முடிந்து குற்றம் நிரூபணமாகும் முன்பே, முதல் தகவல் அறிக்கையை மட்டும் வைத்து லைசென்ஸை முடக்கிய ஆணைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. லாரி, பஸ் ஓட்டுநர்கள் இதைத் தங்கள் வக்கீலிடம் நினைவூட்ட வேண்டும்.

குடிபோதை வழக்கில் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் தடவைக்கே பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஊதிய கருவியின் சீட்டில் இருக்கும் அளவையும் நேரத்தையும் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். மற்றபடி இதில் சுருக்கு வழி எதுவும் இல்லை.

அந்த மூன்று மாதம்

தகுதியிழப்புக் காலத்தில் ஓட்டினால் 182-ஆம் பிரிவின் கீழ் மூன்று மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து இன்ஷூரன்ஸில் இருக்கிறது. தகுதியிழந்த ஒருவர் ஓட்டி விபத்து நடந்தால், அதையே காரணம் காட்டி இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க சட்டம் இடம் கொடுக்கிறது. பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனி முதலில் பணம் கொடுத்தாலும், பிறகு அதை உங்களிடம் வசூலிக்கக் கேட்கும். லட்சக்கணக்கில் வரும் தொகை அது. பால் வாங்கத் தெருமுனை வரைக்கும்தானே என்று வண்டியை எடுப்பவர்கள் இதை ஒரு தடவை யோசித்துப் பார்க்கட்டும்.

"லைசென்ஸ் தொலைஞ்சுபோச்சுன்னு எழுதிக் கொடுத்து டூப்ளிகேட் எடுத்துடலாம்" என்று புரோக்கர் யோசனை சொல்வார். இதற்குக் காசு கொடுத்துப் பொய் வாக்குமூலமும் எழுதித் தந்தவர்கள், விடுபட வாய்ப்பிருந்த ஒரு சின்ன வழக்கைத் தாங்களாகவே மோசடி வழக்காக்கிக்கொள்கிறார்கள். லைசென்ஸ்களின் இணையப் பதிவேடான சாரதியில் அது முடங்கியிருப்பது தெரியும்போது டூப்ளிகேட் அட்டையால் பயனும் இல்லை.

ஆணையில் குறித்த காலம் முடிந்ததும் லைசென்ஸ் தபாலில் தானாக வந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள். ஆணையின் நகல், ஒப்புகைச் சீட்டு, அபராத ரசீது, ஆதார் ஆகியவற்றோடு ஒரு மனு எழுதிக்கொண்டு மறுநாளே போங்கள். லைசென்ஸைத் திருப்பித் தருவதற்கு முன் ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்று 19-ஆம் பிரிவில் இருக்கிறது. எங்கே, எத்தனை நாள் என்பதை மூன்று மாதம் முடியும்வரை காத்திராமல், ஆணை வந்த வாரத்திலேயே கேட்டு முடித்துவிட்டால் கடைசியில் இழுபறி இருக்காது. பிரேக் இன்ஸ்பெக்டரைப் பார்க்கச் சொன்னால் அதையும் அன்றே முடித்துவிடுங்கள்.

கோப்பைக் காணோம், போலீஸ் அனுப்பவில்லை என்று ஒருவரும், அனுப்பியாயிற்று என்று மற்றவரும் கைகாட்டினால், இரண்டு அலுவலகங்களின் பொதுத் தகவல் அலுவலருக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் ஆளுக்கொரு மனுப் போடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். லைசென்ஸ் எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது, இப்போது எந்தப் பிரிவில் யார் வசம் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். பல சமயம் பதில் வருவதற்கு முன் லைசென்ஸே வந்துவிடும்.

அட்டை கைக்கு வந்ததும் கவுன்ட்டரை விட்டு நகராதீர்கள். செல்போனில் பரிவாகன் தளத்தைத் திறந்து, லைசென்ஸ் எண்ணையும் பிறந்த தேதியையும் போட்டு நிலையைப் பாருங்கள். அதில் இன்னும் முடக்கம் என்றே காட்டினால், அடுத்த சோதனையில் போலீஸார் கருவியிலும் அதுதான் வரும், கையில் இருக்கும் அட்டையை யாரும் பார்க்க மாட்டார்கள். ஆணையின் நகலைக் காட்டி, பதிவை அங்கேயே மாற்றச் சொல்லி, மாறிய பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.